மூன்று தட்டினால் போடுங்கள்

இது நடந்தது. 1936ஆம் ஆண்டு, அக்டோபர் 22, வியாழக்கிழமை. கண், காது, மூக்கு வைத்து நான் எதையும் சொல்லப் போவதில்லை. சந்தேகப்படுகிறவர்கள் பாக்கியநாதனின் வலது கை மோதிர விரலைப் பார்க்கலாம். கணுவைச் சுற்றித் தோல் உரிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. கல்யாண மோதிரத்தை அவர் விரலில் போடுவதில்லை. கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு சேர்த்துக் கோத்திருக்கிறார். காரணம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். அதுவும் பட்டப்பகலில், கூட்டம் நிறைந்த காப்பிக்கடையில், முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு சொன்னார்.

பாக்கியநாதன் பயந்த ஆள் இல்லை. அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான் இருந்தது. செலவு! பினாங்குக் கடலோரத்தில் ஒரு கப்பல் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. செருப்பு அறுந்தால் தானே தைப்பார். குடைக் கம்பி ஒடிந்தால் தானே கட்டுவார். கடிகாரம் நின்றால் தானே பிரிப்பார். அதற்குப் பிறகு அது ஓடாது, அது வேறு விஷயம்.

அந்த வருஷம் ஜூலையில் பர்மா ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்குக் குடிவந்தார். முன்பு ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் இருந்த வீடு. நான்கு வருஷமாகப் பூட்டிக் கிடந்ததால் அடிமாட்டு விலைக்கு வாடகை. ஏன் பூட்டிக் கிடந்தது என்று அவர் கேட்கவில்லை. மலிவாகக் கிடைத்ததைக் கிளறிப் பார்க்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

வாசலை ஒட்டிக் கூடம். நடுவில் படுக்கையறை. கடைசியில் குளியலறை. அந்தக் குளியலறைச் சுவரில் பீப்பாய் மாதிரி ஒரு செப்பு டாங்கி பொருத்தியிருந்தது. மின்சாரத்தில் தண்ணீர் காய்ச்சும் டாங்கி. அந்தக் காலத்தில் துரைமார் வீட்டில்தான் அப்படி ஒன்றைப் பார்க்க முடியும். குடிவந்த அன்று பாக்கியநாதன் அதைத் தட்டிப் பார்த்துப் பெருமைப்பட்டார். ஆனால் அது வேலை செய்யவில்லை. சரி, அதனால் என்ன, பினாங்கு வெயிலுக்கு வெந்நீர் எதற்கு என்று விட்டுவிட்டார்.

அக்டோபரில் அதற்குத் தேவை வந்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்துக்குப் பிறகு ஆலிஸுக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் குழந்தை. பெற்றவளுக்கு உடம்பு தேறவில்லை. குளிர் விட்டு விட்டு அடித்தது. பதினோராம் நாள் அவளுக்கு மருந்திலை போட்ட வெந்நீரைத் தலைக்கு ஊற்ற வேண்டும். குடம் குடமாக வேண்டும். வெளியில் ஐந்து நாளாக விடாத மழை. கொல்லையில் இருந்த விறகெல்லாம் ஊறிப் போயிருந்தது. ஊதி ஊதி ஒரு பானை காய்ச்சுவதற்குள் முதல் பானை ஆறிவிடும்.

தங்கைக்குத் துணையாக நிபோங் திபால் ஊரிலிருந்து அக்காள் ரீத்தா வந்திருந்தாள். கெட்டிக்காரி. பிள்ளை பிறந்த அறையில் கட்டில் தலைமாட்டில் ஜெபமாலை மாட்டினாள். கட்டிலுக்கு அடியில் ஓர் இரும்புத் துண்டைப் போட்டாள். தாயும் பிள்ளையும் இருக்கும் அறையில் இரும்பு கிடந்தால் எதுவும் அண்டாது என்பது அவள் நம்பிக்கை. அந்த இரும்பு ஒரு பழைய ஸ்பானர். வீட்டைக் கூட்டும்போது அகப்பட்டதாம்.

பத்தாம் நாள் மாலை மணி நாலு இருபதுக்குப் பாக்கியநாதன் ஆபீஸிலிருந்து நனைந்துகொண்டே வந்தார்.

“டாங்கி ரிப்பேருக்குக் கடையில என்னா சொன்னான் தம்பி?” என்றாள் ரீத்தா.

“முப்பத்தஞ்சு வெள்ளியாம்.”

“அம்மாடி!”

“நானே பண்ணிடறேன் லா.”

“கரண்டு சமாச்சாரம் தம்பி...”

“பியூச புடுங்கிட்டா கரண்டு ஏது அக்கா?”

வரும் வழியிலேயே முகம்மது சுல்தானின் பழைய சாமான் கடையில் எண்பது காசுக்கு ஒரு சுருள் கம்பி வாங்கியிருந்தார். ஏதோ துரை வீட்டு அடுப்பில் இருந்த கம்பி. டாங்கிக்குள் பீங்கான் தண்டில் சுற்றியிருக்கும் கம்பி அறுந்திருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதைச் சுற்றினால் போதும். கணக்குச் சரிதான். அவர் கணக்கில் விடுபட்டது வேறு.

டாங்கியின் சுவிட்சு கெட்டிருந்தது. ஒவ்வொரு முறை சோதிக்கவும் கூடத்தில் இருக்கும் பியூஸ் கட்டையைப் போட்டு எடுக்க வேண்டும். குளியலறைக்கும் கூடத்துக்கும் நடக்க அவருக்குப் பொறுமை இல்லை. கூடத்தில் ஒரு பழைய மர நாற்காலி கிடந்தது, வீட்டோடு வந்தது. அதைப் பியூஸ் பலகைக்குக் கீழே இழுத்துப் போட்டு ரீத்தாவை உட்கார வைத்தார். பீங்கான் பியூஸ் கட்டையைத் தன் கையாலேயே பிடுங்கி அவள் கையில் கொடுத்தார்.

பலகையை ஒட்டித் தண்ணீர்க் குழாய் ஓடியது. வாசலிலிருந்து குளியலறைவரை ஒரே இரும்புக் குழாய்.

“மழையில நான் கத்துனா கேக்காது. பைப்புல தட்டுவேன். மூணு தட்டினா போடுங்க. ஒண்ணு தட்டினா எடுத்துருங்க.”

“மூணுன்னா போடணும். ஒண்ணுன்னா எடுக்கணும்.”

“அவ்ளோதான்.”

அப்போது ஒன்றைக் கவனித்தார். குழாய் முழுக்கப் பச்சை வர்ணம். நாற்காலியில் உட்கார்ந்தால் கை எட்டும் இடத்தில் மட்டும் வர்ணம் தேய்ந்து இரும்பு பளபளத்தது. நான்கு விரல் அகலத்துக்கு. ஏன் அப்படி என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு வேலை ஞாபகம் வந்தது.

மணி நாலு ஐம்பது.

டாங்கியில் மிச்சமிருந்த தண்ணீரை வடித்தார். மூடியின் திருகுகள் பெரியவை. அவரிடம் இருந்த ஸ்பானர் சின்னது. புதிதாக வாங்கினால் ஒன்றரை வெள்ளி. கட்டிலுக்கு அடியில் ஒன்று சும்மாதானே கிடக்கிறது?

படுக்கையறைக்குள் பூனை மாதிரிப் போனார். ஆலிஸ் தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளையும் தூங்கியது. குனிந்து அந்த இரும்பை எடுத்தார். அரை மணி நேரம்தானே, வேலை முடிந்ததும் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்தார். ஜில்லென்று இருந்தது.

திருகில் வைத்தார். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது.

ஐந்து பத்துக்குள் பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றிவிட்டார். இனிச் சோதிக்க வேண்டும். ஸ்பானரால் குழாயில் தட்டினார்.

டங்ங்... டங்ங்... டங்ங்...

மூன்றாவது தட்டின் ஓசை அடங்குவதற்குள் டாங்கிக்குள் சுருள் லேசாகச் சிவந்தது. ரீத்தா சுறுசுறுப்புத்தான். ஆனால் பாதிச் சுருள்தான் சிவந்தது. எங்கோ முறுக்குச் சரியில்லை. ஒன்று தட்டினார்.

டங்ங்...

அணைந்தது.

ஆறவிட்டு, கை நுழையும் அளவுள்ள ஓட்டை வழியாகக் கையை விட்டு முறுக்கினார். மறுபடியும் தட்டினார். இப்போது ஓசை மாறியிருந்தது.

டொக்... டொக்... டொக்...

கம்பீரமாக ஒலித்த குழாய் ஏன் இப்படி மொண்ணையாகிவிட்டது? மழைத் தண்ணீர் ஏதாவது இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். குழாயை யாராவது இறுக்கிப் பிடித்தாலும் ஓசை அப்படித்தான் அமுங்கும். அது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

சுருள் சிவந்தது. முக்கால் பங்கு. இன்னும் ஓர் இடம் பாக்கி.

டொக். அணைந்தது.

மணி ஐந்து முப்பத்தைந்து. வெளியே மழை மூட்டத்தில் நன்றாக இருட்டிவிட்டது. ஜன்னலோரம் ஓர் அரிக்கன் விளக்கு. கூரைத் தகரத்தில் மழை கொட்டு அடித்தது. மூன்றாவது முறை சோதிக்கத் தட்டும்போது கையில் ஈரம். இரண்டு தட்டியதும் ஸ்பானர் வழுக்கிக் காலடியில் விழுந்தது.

குனிந்து எடுக்கப் போனார்.

டொக்...

மூன்றாவது தட்டு.

அவர் தட்டவில்லை. ஸ்பானர் தரையில் கிடந்தது.

சுருள் சிவந்தது.

அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. ரீத்தாவுக்குப் பொறுமை போய்விட்டது, அந்தப் பக்கம் அவளே தட்டிப் போட்டுவிட்டாள் என்று எண்ணிக்கொண்டார். மனிதன் தனக்குத் தேவையான பதிலை எவ்வளவு வேகமாகக் கண்டுபிடித்துவிடுகிறான், பாருங்கள்.

இப்போது முழுச் சுருளும் சிவந்தது. முப்பத்து நான்கு வெள்ளி இருபது காசு மிச்சம். இனி ஒரு முடிச்சை மட்டும் இறுக்கிவிட்டால் போதும். ஸ்பானரை எடுத்தார். ஒரே ஒரு தட்டு. அணைந்தது. ஸ்பானரைக் காலருகே வைத்தார்.

சூடு ஆறியதும் கையை உள்ளே விட்டார். மணிக்கட்டுவரை போனது. முடிச்சைப் பிடித்து முறுக்கினார்.

மழை சட்டென்று ஓய்ந்தது.

அந்த அமைதியில் ஒரு குரல் கேட்டது. மெல்லிய தாலாட்டு.

“ஆராரோ... ஆரிரரோ...”

ரீத்தாவின் குரல்.

குரல் கூடத்திலிருந்து வரவில்லை. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம், படுக்கையறையிலிருந்து வந்தது.

“ரீத்தாக்கா?”

“என்னா தம்பி?”

“அங்க என்னா செய்றீங்க?”

“புள்ள அழுதுச்சு. அஞ்சு மணிக்கே இங்க வந்துட்டேன். இன்னும் தொடங்கலியா? தட்டவே இல்லியே!”



“அக்கா... பியூஸ்கிட்ட... யாரு?”

“யாரும் இல்லியே. பியூஸ் கட்டை என் மடியிலதானே இருக்கு.”

கையை வெளியே இழுத்தார்.

வரவில்லை.

கல்யாண மோதிரம் சுருளில் மாட்டியிருந்தது.

டொக்...

ஒன்று.

குழாயில்தான். கண் முன்னால் குழாய் அதிர்ந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

“யேசுவே...”

இழுத்தார். மோதிரம் எலும்பில் இறுகியது. பத்து நாள் பிள்ளையின் முகம் கண் முன்னால் வந்தது. இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

டொக்...

இரண்டு.

“போடாதே!” என்று அலறினார். யாரிடம் அலறுகிறோம் என்று அவருக்கே தெரியாது. “போடாதே! போடாதே!”

காலைச் சுவரில் ஊன்றினார்.

கண்ணை மூடினார்.

இழுத்தார்.

தோல் கிழிந்தது.

டொக்.

மல்லாந்து விழுந்தவர் கண்ணைத் திறந்தபோது சுருள் முழுவதும் தகதகவென்று சிவந்திருந்தது. நடுவில் அவருடைய மோதிரம் தொங்கியது. மூன்று எண்ணும் நேரம் எரிந்தது. பிறகு தானாக அணைந்தது. அவர் பிரித்த கடிகாரம் ஓடாது என்று சொன்னேனே. ஆனால் ஆபீஸ் கொடுத்த கைக்கடிகாரத்தை அவர் பிரித்ததில்லை. அதில் மணி ஐந்து நாற்பத்தேழு.

ரீத்தா ஓடி வந்தாள். அவர் கையில் ரத்தம் சொட்டியது. அவள் கையில் பியூஸ் கட்டை இருந்தது. இருவரும் கூடத்துக்குப் போனார்கள். வாசல் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. பலகையில் பியூஸ் போடும் இடம் காலி. இரண்டு பித்தளை வாய்களும் திறந்து கிடந்தன.

நாற்காலி குழாயோடு ஒட்டித் திரும்பியிருந்தது. மழைக் குளிரில் குழாய் முழுக்க முத்து முத்தாக வேர்த்திருந்தது. வர்ணம் தேய்ந்த இடத்தில் மட்டும் ஈரம் இல்லை. நான்கு விரல் அகலத்துக்குக் காய்ந்திருந்தது.

நாற்காலிக்கு அடியில் ஸ்பானர் கிடந்தது.

பாக்கியநாதன் அதைக் குளியலறையில், தன் காலருகே வைத்திருந்தார்.

ரீத்தா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கட்டிலுக்கு அடியில இருந்தத நீங்களா எடுத்தீங்க?”

அவர் தலையாட்டினார்.

“மொதல்ல நான் எடுத்ததும் இங்கதான் தம்பி. இதே எடத்துல.”

அதற்கு மேல் அந்த வீட்டில் ஒரு நிமிஷம்கூட யாரும் இருக்கவில்லை. ஆலிஸைப் போர்வையில் சுற்றி, பிள்ளையை ரீத்தா நெஞ்சோடு அணைத்து, எதிர்வீட்டுக்கு ஓடினார்கள். எதிர்வீட்டில் சித்தி ஹாஜரா இருந்தார்; ‘சித்தி’ உறவுமுறை இல்லை, பெயரின் பகுதி. தமிழும் மலாயும் கலந்து பேசும் அம்மாள். என்ன ஏது என்று கேட்கவே இல்லை. பாக்கியநாதனின் விரலைப் பார்த்தார், எதிரே இருந்த வீட்டைப் பார்த்தார், படுக்கை விரித்துப் போட்டார்.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக் காய்ந்த விறகில்தான் வெந்நீர் காய்ந்தது. குடம் குடமாக ஆலிஸுக்கு ஊற்றினார்கள். குளிர் விட்டுவிட்டது. பத்து மணிக்கு, நல்ல வெயிலில், மாதா கோயில் ஆட்கள் நான்கு பேரோடு பாக்கியநாதன் அந்த வீட்டுக்குப் போனார். மோதிரத்தையும் துணிமணிகளையும் எடுத்துக்கொண்டு வந்தார். செப்பு டாங்கியை முகம்மது சுல்தான் நல்ல விலைக்குக் கேட்டும் கழற்றச் சொல்லவில்லை. காசாகக்கூடிய ஒரு பொருளை அந்த மனிதர் வாழ்க்கையில் விட்டுவிட்டு வந்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகுதான் சித்தி ஹாஜரா வாயைத் திறந்தார்.

“நீங்க வந்த அன்னைக்கே சொல்லியிருப்பேன் தம்பி. மாசமா இருக்கற பொண்ணு, பயந்துரும்னு வாயக் கட்டிக்கிட்டேன்.”

நான்கு வருஷத்துக்கு முன்பு துரை வீட்டு டாங்கியைச் சரிசெய்ய ஒரு வயர்மேன் வந்தார். பெயர் பிச்சைமுத்து. கூடவே மனைவி வள்ளியம்மாவும் வருவாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் வேலை செய்வார்கள். அவர் உள்ளே, அவள் பியூஸ் பலகைக்குக் கீழே.

“அந்தப் பொண்ணுக்குப் பொறவியிலயே காது கேக்காது. கூப்பிட்டுப் பிரயோசனம் இல்ல. அதனால அவரு பைப்புல தட்டுவாரு. இவ நாற்காலியில உக்காந்து பைப்பக் கையில புடிச்சுக்கிட்டே இருப்பா. தட்டுனா கையில தெரியும். மூணு தட்டுனா...”

“போடணும்,” என்றார் பாக்கியநாதன்.

“ஆமா. ஒரு நா சாயங்காலம் போட்டுட்டா. அவரு கை உள்ள இருந்துச்சு.”

சித்தி ஹாஜரா மூன்று விரலை விரித்துக் காட்டினார்.

“மூணு தட்டு வந்துச்சுன்னு கைய விரிச்சு விரிச்சுக் காட்டுனா தம்பி. மூணு வெரலக் காட்டிக் காட்டி அழுதா. யாரும் நம்பல. துரை அந்த வாரமே வீட்டக் காலி பண்ணிட்டாரு. வீட்டப் பூட்டறதுக்கு முந்தி அவ மட்டும் தெனம் சாயங்காலம் வந்து, அதே நாற்காலியில உக்காந்து, அந்தப் பைப்பப் புடிச்சுக்கிட்டே இருப்பா. இன்னொரு தட்டு வருமான்னு பாத்தாளோ என்னமோ. ஒரு நா உக்காந்தபடியே போயிட்டா. கைய எடுக்கறதுக்கே ரெண்டு ஆளு வேண்டியிருந்துச்சு.”

பாக்கியநாதனுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. என்னிடம் சொன்னபோதுகூடக் கண் கலங்கினார். தட்டு வந்தால் போடுவது அவள் வேலை. அதை அவள் இன்னும் செய்துகொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். அவர் சித்தி ஹாஜராவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அவ சொன்னத ஏன் யாரும் நம்பல?”

“எப்படி நம்புவாங்க தம்பி? தட்டறதுக்கு அவருகிட்ட ஸ்பானரே இல்லியே. நடுவுல பலகையப் பாக்க வந்தவரு அதக் கூடத்துலயே வச்சுட்டுப் போயிட்டாரு. செத்தப்ப அவரு கையில ஒண்ணும் இல்ல. வெளக்கப் புடிச்சுக்கிட்டுத் தேடுனதே நான்தான்.”

“எங்க கெடந்துச்சு?”

“அவ காலடியில. நாற்காலிக்கு அடியில.”